செங்கால் படகா, ஃபைபர் படகா? பெர்னாம் ஆற்றங்கரையில் போட்ட கணக்கு

வாங்கிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டான், என் தங்கச்சி மகன். "மாமா, ஒரு படகு. சும்மா வந்து பாருங்க. வரும்போது சுத்தியலும் பெரிய ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துட்டு வந்துடுங்க." சும்மா பார்ப்பதற்குச் சுத்தியல் எதற்கு? அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில், மீன்பிடிப் படகுகள் கட்டியிருக்கும் இடத்தைத் தாண்டி, ஆற்றுச் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. 36 அடி நீளம், இரண்டு பாய்மரம். எண்பதுகளில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் திரெங்கானுவில் பூலாவ் டூயோங் ஆசாரிகளிடம் சொல்லி, செங்கால் என்னும் கெட்டியான காட்டு மரத்தில் கட்டிய படகு. மூன்று நான்கு கை மாறி, கடைசிச் சொந்தக்காரர் எஞ்சின் பழுதாகி இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். விலை 12,000 வெள்ளி (ரிங்கிட்). அந்த நீளத்துக்கு அது கிட்டத்தட்ட இலவசம். இலவசமாகக் கிடைக்கும் படகைப்போல் செலவு வைப்பது உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்று எங்கள் படகுப் பட்டறைத் தௌக்கே, அதாவது முதலாளி, சொல்வார். அவர் பிழைப்பே அதில்தான்.

மருமகனின் ஆசை சின்னது இல்லை. லூமுட்டில் கிளம்பி, லங்காவியில் தண்ணீர், சாமான் ஏற்றிக்கொண்டு, ஜனவரி மாதக் காற்றில் வங்காள விரிகுடாவைக் கடந்து நாகப்பட்டினம் போகவேண்டும். அவனுடைய கொள்ளுத்தாத்தா ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கியவர். அந்த வழியில் பாய் விரித்துத் திரும்பிப் போகவேண்டுமாம். (கடாரம், ராஜேந்திர சோழன் என்று ஆரம்பித்தால் அவனை நிறுத்துவது கஷ்டம், அதனால் நான் பேச்சை எப்போதும் பலகைக்குத் திருப்பிவிடுவேன்.) நான் கப்பல் ஓட்டியவன் இல்லை. தோட்டத்து செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்புறம் பொழுது போகாமல் இங்குள்ள படகுப் பட்டறையில் எஞ்சின் பார்க்கப் போய், மர வேலையைப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். அந்த அளவு அனுபவத்தில் சொல்வதுதான் இது.

முதலில் போகிற வழியைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் படகு எதைத் தாங்கவேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. லங்காவியிலிருந்து நாகைக்கு 1,200 கடல் மைலுக்கு மேல். 36 அடிப் படகு சராசரியாக மணிக்கு 5 மைல் போனால் ஒரு நாளைக்கு 120 மைல். பத்துப் பதினோரு நாள். வங்காள விரிகுடாவில் புயல்கள் அதிகம் வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், மறுபடி ஏப்ரல், மே மாதங்களிலும். இடையில் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று சீராக அடிக்கும். அந்தக் காற்று படகின் வலப்பக்கத்தில், கொஞ்சம் பின்னாலிருந்து வரும். நல்ல காற்றுதான். ஆனால் பத்து நாளும் படகு ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒவ்வொரு அலைக்கும் உடம்பை முறுக்கிக்கொண்டே போகும். கரையோரத்துப் பங்கோர் தீவுக்குப் போய்வரும் படகுக்கு இந்த முறுக்கல் கிடையாது. பெருங்கடலில் மரப்படகைக் கொல்வது இதுதான். புயல் அடித்து மூழ்குவது அரிது.

சரி, சுத்தியல். மரப்படகைச் சோதிக்கும் முறை எளிது. சின்னச் சுத்தியலால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போகவேண்டும். நல்ல செங்கால் 'டங்' என்று கல் மாதிரி பதில் சொல்லும். உளுத்த இடம் 'தொப்' என்று பேசும். அரை நாள் தட்டினோம். தண்ணீருக்குக் கீழே இருந்த பலகைகள் பெரும்பாலும் 'டங்'. ஆச்சரியம் இல்லை, செங்கால் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் எடை, ஆணியே இறங்காது. ஏராவை (படகின் அடி முதுகெலும்பு) ஒட்டிய முதல் பலகையில் மட்டும் இடது பக்கம் கப்பல்புழு ஓட்டைகள். பேர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். வெளியே குண்டூசித் தலை அளவுதான் தெரியும். உள்ளே சுண்டுவிரல் தடிமனுக்குக் குடைந்துகொண்டு போகும். செங்காலைக்கூட அது முழுசாக விட்டுவைப்பதில்லை. ஆனால் அதற்கு உப்புத்தண்ணீர் வேண்டும். அந்தக் காலத்தில் கப்பல்களை ஆற்றுக்குள் ஏற்றி நிறுத்திப் புழுவைச் சாகடிப்பார்கள். மழைக்காலத்தில் பெர்னாமில் இறங்கும் நன்னீர் இந்தப் படகுக்கு அந்த வைத்தியத்தைத் தானாகவே செய்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கீழே காப்பாற்றிய நன்னீர் மேலே கெடுத்துவிட்டது. மரத்தை உளுக்க வைக்கும் பூசணத்துக்கு உப்பு பிடிக்காது, மழைத்தண்ணீர்தான் பிடிக்கும். நம் பக்கம் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மேல்தளத்தில் ஒரு விரிசல் இருந்தால் போதும், சொட்டுச் சொட்டாக இறங்கி, காற்றுப் போகாத மூலையில் தேங்கும். அமரத்துப் பக்கம், அதாவது பின்பக்கம், உள்ளே தவழ்ந்து போய் டார்ச் அடித்தேன். வங்குக்காலின் (பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலா எலும்பு) தலையில் காளான் முளைத்திருந்தது. சமைக்கலாம் போல அத்தனை செழிப்பு. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் போய்விட்டது. மருமகன் எதுவும் பேசவில்லை. இப்படி 14 வங்குக்கால்கள் மேல்பாதி போயிருந்தன.

தௌக்கே வந்து ஒரு சுற்று பார்த்தார். ஒரே வார்த்தை: "துலாங் தா பாகுஸ்லா." எலும்பு சரியில்லை. தோல் நன்றாக இருக்கிறது, எலும்பு சரியில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் வழிகளை ஒப்பிடவேண்டும்.

எல்லாரும் முதலில் கேட்கும் வழி, ஃபைபர் போர்த்துவது. மருமகனும் அதைத்தான் கேட்டான். "மாமா, மேலே ஃபைபர் கிளாஸ் ஒட்டிட்டா புழுவும் வராது, தண்ணியும் வராது, இல்ல?" எங்களுக்கு ஒருவர் சொன்ன விலை 45,000 வெள்ளி, ஆறு வாரம். கேட்பதற்குத் தேன் மாதிரி இருந்தது. நான் வேண்டாம் என்றேன், இப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம் இதுதான். பலகைப் படகு உயிருள்ளது மாதிரி. நனைந்தால் பலகை அகலத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஃபைபர் அசையாது. அசைகிறதையும் அசையாததையும் ஒட்டினால் எங்காவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஒட்டுவதற்கு மரம் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். எபோக்ஸிப் பசைக்கு மரத்தின் ஈரம் 12 சதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. நம் ஊர்க் காற்றில் நிழலில் அடுக்கிக் காயவைத்த பலகையே 15 சதத்துக்குக் கீழே சுலபத்தில் இறங்காது. நாற்பது வருடம் தண்ணீரில் ஊறியதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போதாததற்கு இது செங்கால். அந்த மரம் பிசின் வடிக்கும். 'டமார் பெனாக்' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் உயர்ந்த குங்கிலியமே அதிலிருந்து வருவதுதான். பிசின் உள்ள, கல் மாதிரி இறுகிய மரத்தில் எந்தப் பசையும் கஷ்டப்பட்டுத்தான் பிடிக்கும்.

ஒட்டிக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உளுத்த எலும்பு உள்ளே அப்படியே இருக்கிறது. வெளியே போர்வை, உள்ளே மேல்தளத்திலிருந்து சொட்டும் மழை. ஈரம் வெளியேற வழியில்லை. பூசணத்துக்கு 20 சத ஈரம் போதும். நாம் அதற்கு மூடி போட்ட பானையே செய்து கொடுக்கிறோம். வெளியே வெள்ளை பெயிண்ட் பளபளக்கும், சுத்தியலுக்கும் எதுவும் கேட்காது. நடுக்கடலில் எட்டாம் நாள், சாய்ந்த பக்கத்தில், அது தெரியவரும். மூன்று நான்கு அடுக்கு மெல்லிய பலகையைக் குறுக்கும் நெடுக்குமாக எபோக்ஸியில் ஒட்டி, பழைய படகைச் சுற்றிப் புதுக் கூடே கட்டுவது என்று ஒன்று இருக்கிறது. அது சரியான வேலைதான். ஆனால் அதற்குக் கூரை போட்ட, உலர்ந்த கொட்டகை வேண்டும், எடையும் கூடும், செலவும் அடுத்த வழியைத் தொட்டுவிடும். மீன்பிடிப் படகுக்காரர்கள் சிலர் ஃபைபர் போர்த்தி ஐந்தாறு வருடம் ஓட்டுகிறார்களே என்று கேட்கலாம். ஓட்டுகிறார்கள். அவர்கள் சாயங்காலம் கரைக்கு வந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வழி, முறைப்படி மரத்தில் சீர்திருத்துவது. இதில்தான் என் மனசு. அதனாலேயே என்னை நானே கொஞ்சம் சந்தேகப்பட்டேன்.

திரெங்கானு படகைக் கட்டும் விதமே வேறு. மேற்கத்திய முறையில் முதலில் வங்குக்கால்களை நிறுத்தி, அதன்மேல் பலகை அறைவார்கள். டூயோங் ஆசாரிகள் பலகையை முதலில் அடுக்கிக் கூட்டை உருவாக்கிவிட்டு, அப்புறம் உள்ளே வங்குக்கால் வைப்பார்கள். ஒரு பலகையின் விளிம்பில் வரிசையாகத் துளை போட்டு, மரமுளை அடித்து, அடுத்த பலகையை அந்த முளைகளின்மேல் இறக்கித் தட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் கெலாம் மரத்தின் பட்டை. காகிதம் மாதிரி அடுக்கடுக்காக உரியும் பட்டை அது; தண்ணீர் பட்டதும் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். உளுத்த பலகை ஒன்றைக் கழற்றியபோது அந்தப் பட்டையை விரலில் எடுத்துப் பார்த்தேன். நாற்பது வருடத்துக்கு அப்புறமும் நனைந்த பழுப்புத் துணி மாதிரி மெத்தென்று இருந்தது. நம்முடைய பலகைகள் 'டங்' என்றதற்குப் பாதிக் காரணம் அந்தப் பட்டைதான்.

ஆனால் பழுது பார்க்க வரும்போது இந்த அழகே தொல்லை. முளைகளை அறுக்காமல் ஒரு பலகையை நடுவிலிருந்து எடுக்க முடியாது. புதுப் பலகையை வைக்கும்போது மேலும் கீழும் முளையில் இறக்கவும் முடியாது. ஒரு பக்கம்தான் வரும். ஆக, பழைய பிணைப்பு போய்விடுகிறது, புதுப் பலகை வங்குக்காலை நம்பித்தான் நிற்கவேண்டும். எலும்பு திடமாக இருந்தாகவேண்டும் என்று மறுபடி அங்கேயே வந்து நிற்கிறோம். அப்புறம், இங்கே மேற்குக் கரைப் பட்டறைகளில் கலப்பற்று அடிப்பது வேறு விதம்: நாரைச் சந்துகளில் உளி வைத்து அடித்து இறுக்கி, மேலே எண்ணெயும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவார்கள். நன்றாகத்தான் செய்வார்கள். ஆனால் கெலாம் பட்டை வைத்து நெருக்கிக் கட்டிய படகில் அந்தக் கையோடு ஓங்கி அடித்தால் பலகைகள் விலகிக்கொள்ளும். ஆள் திரெங்கானுவிலிருந்து வரவேண்டும். அங்கும் இளைஞர்கள் இந்த வேலைக்கு வருவது குறைந்துவிட்டது.

இன்னொன்று, இது ஃபிட்டர் பேசுவது. மரப்படகில் எந்த ஆணி, எந்த போல்ட் என்பது மரத்தைவிட முக்கியம். துருப்பிடிக்காத எஃகு என்று கடையில் விற்பதை வாங்கித் தண்ணீருக்கு அடியில் நனைந்த மரத்துக்குள் இறக்காதீர்கள். அது துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காற்று வேண்டும். ஈர மரத்துக்குள் காற்றில்லாமல் புதைந்தால் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டு போகும்; தலை பளபளவென்று இருக்கும், இடுப்பு பென்சில் முனையாகிவிடும். வெண்கலம்தான் சரி, விலை மூன்று நான்கு மடங்கு. மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கக் கட்டும் துத்தநாகக் கட்டியை நிறையக் கட்டினால் நல்லது என்று நினைப்பதும் தப்பு. அளவுக்கு மிஞ்சினால் உலோகத்தைச் சுற்றியுள்ள மரமே பஞ்சாகிவிடும்.

எங்கள் கணக்கு: 14 வங்குக்கால், 9 பலகை, மேல்தளம் பாதி. செங்கால் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. மலாயாத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் பெரிதாக வளராத மரம், வளரவும் நிதானம். ஒரு டன்னுக்கு, மரக்கடைக்காரர்கள் சொல்லும் 50 கன அடி டன், 10,000 வெள்ளிக்குக் குறையாமல் எங்களிடம் கேட்டார்கள். இரண்டு ஆசாரிக்கு ஐந்து மாதக் கூலி, தங்குமிடம், வெண்கலம், பட்டறை வாடகை எல்லாம் சேர்த்து 120,000 வெள்ளி. பாய், கம்பி, எஞ்சின் தனி. பாய்மரத்துக்கு பிந்தாங்கோர் கம்பு பார்க்கலாம் என்று தௌக்கே சொன்னார். அது நம்முடைய புன்னைக்குச் சொந்தக்கார மரம், மலிவாகவும் கிடைக்கும். இந்தப் பட்டியலில் எனக்குச் சந்தோஷம் தந்த ஒரே வரி அதுதான். யாரோ கித்தா (ரப்பர்) மரம் மலிவாச்சே என்றார்கள். கித்தா மரத்தில் நாற்காலி செய்யலாம். மருந்தில் ஊறவைக்காவிட்டால் வெட்டிய சில நாளிலேயே நீலம் பூத்துப் பூச்சி விழும். படகுப் பேச்சே எடுக்கக்கூடாது.

இவ்வளவு செய்தால் என்ன கிடைக்கும்? இன்னும் முப்பது வருடம் நிற்கும் படகு. எங்கே உடைந்தாலும் உளி தெரிந்தவன் சரிசெய்யக்கூடிய படகு. சாய்ந்து போகும்போது கனமாக, நிதானமாக அலையை வெட்டும். ஆனால் ஒவ்வொரு வருடமும் அடிப்பெயிண்ட் தவறாமல் அடிக்கவேண்டும். ஒரு கையகலம் விட்டுப்போனாலும் புழு அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும். வெயிலில் கரையேற்றி நிறுத்தினால் சந்துகள் வாய் திறக்கும். பழைய மரப்படகு என்றால் காப்புறுதிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மருமகன் எண்ணெய்த் துரப்பண மேடையில் வேலை செய்கிறவன். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. வீட்டில் இருக்கிற இரண்டு வாரமும் இந்தப் படகுக்குத்தான் என்றால், கல்யாணமான பையன், எத்தனை வருடம் ஓடும்?

மூன்றாவது, பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்குவது. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் சப்பென்று இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். லங்காவி 1987-இலிருந்து வரியில்லாத் தீவு. உலகம் சுற்றும் படகுக்காரர்கள் அங்கே வந்து நிற்பார்கள். வயசாகிவிடும், உடம்புக்கு முடியாமல் போகும், பேரப்பிள்ளை பிறக்கும். படகை அங்கேயே விற்றுவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். நாங்கள் இணையத்தில் விலை கேட்ட மூன்று படகுகளும் 34 முதல் 38 அடி, எழுபது எண்பதுகளில் செய்தவை, 90,000-இலிருந்து 160,000 வெள்ளி வரை. அதில் இரண்டு ஏற்கெனவே பெருங்கடல் தாண்டி வந்தவை. லங்காவியிலிருந்து தீபகற்பத்துக்குக் கொண்டுவருவதாக இருந்தால் வரி விவகாரத்தைச் சுங்கத்துறையில் முன்னாலேயே கேட்டுக்கொள்ளவேண்டும்.

அந்தக் காலத்து ஃபைபர் படகுகள் தடிமனானவை; எவ்வளவு போதும் என்று சரியாகத் தெரியாததால் அதிகமாகவே போட்டுவிட்டார்கள் என்பார்கள். அடியில் கொப்புளம் வரும். பார்க்க அசிங்கம், பெரும்பாலும் ஆபத்து இல்லை. பயப்படவேண்டியது மேல்தளத்துக்குத்தான். இரண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்திருப்பார்கள். ஒவ்வொரு திருகாணி ஓட்டை வழியாகவும் மழை இறங்கி அந்த நடுமரத்தை ஊறவைத்திருக்கும். அதற்குச் சுத்தியல் வேண்டாம், ஒரு நாணயம் போதும். தளத்தில் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று, ஊறிய இடம் மொத்தென்று. அப்புறம் பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள், அவை உடம்போடு சேரும் இரும்புப் பட்டைகள். கம்பிக்குப் பத்துப் பதினைந்து வருடம்தான் ஆயுள். அதற்கு மேல் ஆனது என்றால் பேசாமல் மாற்றிவிட வேண்டியதுதான். இதற்கெல்லாம் இன்னும் 40,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டோம்.

மொத்தத்தில் மரப்படகும் ஃபைபர் படகும் கிட்டத்தட்ட ஒரே பணத்தில் வந்து நிற்கின்றன. வித்தியாசம் காலத்தில். ஃபைபர் என்றால் அடுத்த ஜனவரியே கிளம்பலாம். மரம் என்றால் அதற்கடுத்த ஜனவரியா, அதற்கும் அடுத்ததா, ஆசாரி வருவதைப் பொறுத்தது. உயிர்காக்கும் மிதவை, அபாய ஒலிபரப்பி, ரேடியோ, நல்ல நங்கூரம் என்று எந்தப் படகானாலும் வாங்கியே தீரவேண்டியவை இருக்கின்றன. அதற்குப் பணம் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் பலகையில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டூயோங்கில் புதுசாகவே கட்டச் சொன்னால் என்ன என்றும் ஒரு நாள் கேட்டான். செங்கால் விலையைச் சொன்னேன். விட்டுவிட்டான்.

என் தீர்ப்பு இதுதான்: நாகப்பட்டினம் போவது நோக்கம் என்றால் ஃபைபர் படகு வாங்கு. இந்தப் படகைக் காப்பாற்றுவது நோக்கம் என்றால், மேல்தளத்தை முதலில் அடை, வருடத்துக்கு நான்கு வங்குக்கால் மாற்று, அதுவரை பக்கத்துத் தீவுக்கூட்டமான பூலாவ் செம்பிலான் தாண்டிப் போகாதே. ஃபைபர் போர்வை இரண்டு நோக்கத்துக்கும் உதவாது. ஒரே படகில் இரண்டு ஆசையையும் ஏற்றினால் இரண்டும் கரையிலேயே நிற்கும்.

தீபாவளிக்கு முந்தின நாள் வந்து உட்கார்ந்தான். தௌக்கே பலகைக்காகவே 9,000 வெள்ளி தருகிறேன் என்கிறாராம், நல்ல செங்கால் மேசைக்கு ஆகுமாம். "கொடுத்துடலாமா மாமா?" நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி உள்ளேயிருந்து, "மேசையா? நாற்பது வருஷம் கடல்ல இருந்ததை அறுத்து மேசையா?" என்றாள். அவள் அந்தப் படகை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இப்போது படகின்மேல் நீலத் தார்ப்பாய், இரண்டு பக்கமும் காற்றுப் போகத் திறந்து கட்டியிருக்கிறோம். காளானைச் சுரண்டி எடுத்தாயிற்று. முதல் இரண்டு வங்குக்காலுக்கு மரம் வந்து நிழலில் கிடக்கிறது.

அடுத்த சனிக்கிழமை லங்காவி போகிறோம். இந்தத் தடவை சுத்தியல் வேண்டாம், ஐம்பது காசு ஒன்று சட்டைப் பையில் போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.